நாற்பத்தொரு நாள் எடை

நெவெங்கா தொலைபேசியில் கேட்டது இவ்வளவுதான்:
"லிண்டன் பூத்த மாதம் எங்கே போயிற்று?"

மழையோடு மழையாக
ஷ்கோஃபியா லோகாவுக்குப் பேருந்து ஏறினேன்.
நான் எழுதிய நிரல் அது.
தேன்பெட்டி எடையைத் தினம் ஒருமுறை குறிக்கும்,
கோடு இழுக்கும்.
வேறெதுவும் தெரியாது. அளவு இரண்டு எம்பி.

அவள் மடிக்கணினியில்
அது மூன்று முறை இருந்தது.
ஒரே பெயர், ஒரே மஞ்சள் அறுகோணம்.
ஒன்று கணினியோடு வந்த டெப், இரண்டு வருடப் பழசு,
யாரோ கட்டிவிட்டு மறந்தது.
ஒன்று ஸ்னாப்.
ஒன்று ஃப்ளாட்பேக்.
பின்னிரண்டும் என் கைவரிசை.
கேட்டவருக்கெல்லாம் சரி சரி என்றிருந்தேன்.

இரண்டு எம்பிக்குத் துணையாக
எண்ணூறு எம்பி இறங்கியிருந்தது.
சுண்டைக்காய் என்னுடையது;
சுமைகூலி
அவளுடைய மாத இணையக் கட்டணத்தில்.

ஃப்ளாட்பேக்கின் கண்ணுக்குத் தராசு தெரியவில்லை.
"இதோ, செருகித்தானே இருக்கிறது!"
பாதுகாப்புக்காக, என்றேன்.
"யாரிடமிருந்து? தராசிடமிருந்தா?"

சுட்டி அந்தச் சாளரத்துக்குள் நுழைந்ததும்
ஒரு சுற்றுப் பெருத்தது.
அதைப் பற்றி அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

மறைந்த அடைவுகளைத் துழாவினேன்.
ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு குறிப்பேடு.
ஜூன் மூன்று முதல் ஜூலை பதின்மூன்று வரை
ஸ்னாப்பின் அடிவயிற்றில் கிடந்தது, ஒரு கிராம் குறையாமல்.
ஒரு காலையில் பக்கத்து அறுகோணத்தை அழுத்தியிருக்கிறாள்.
அவ்வளவுதான்.
"இதில் எது நிஜமானது?"
மூன்றும், என்றேன். வெட்கமாக இருந்தது.

மழை விட்டதும் தேன்கொட்டகைக்குக் கூட்டிப் போனாள்.
மூலையில் அறுத்த சட்டங்கள் ஒரு குவியல்.
அண்டைவீட்டு லுத்விக் கண்மூடியபின்
மலிவாக வாங்கியதாம்.
அவருடைய பெட்டி வேறு அளவு.
விரற்கடை அதிகம், எதுவும் நுழையவில்லை.
குளிர்காலம் முழுக்க ரம்பம் போட்டிருக்கிறாள்.
"சரியான அளவு எது?"
"என்னுடையது" என்றாள், சிரிக்காமல்.
"லுத்விக்கும் அப்படித்தான் சொல்வார்."

திரும்பும் பேருந்தில் ஒரு மின்னஞ்சல்.
யாரோ ஒருவர், மரிபோரிலிருந்து, மிகுந்த மரியாதையோடு:
நிரல் அருமை,
ஆப்இமேஜாகவும் தர முடியுமா?

சரி என்று தட்டினேன்.
அழித்தேன்.
மடியில் ஒரு குப்பித் தேன்,
மூடி சரியாகப் பொருந்தாமல்
கால்சட்டையில் கசிந்துகொண்டிருந்தது.