தாமதப் பதிவு

பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரியின் மூன்றாம் மாடியில்
ஏசி ஓடுகிற அறை அது ஒன்றுதான்.
கம்ப்யூட்டருக்காகப் போட்டது.
நோயாளிக்குக் குளிராது, ரப்பர்.

பட்டியலில் அவள் பெயர் 'பயிற்சி நான்கு.'
நாங்கள் வைத்தது முக்கூடல் பாக்கியம்.
வயது ஐம்பத்தெட்டு. பீடி சுற்றுகிறவள்.
சர்க்கரை உண்டு, பென்சிலின் ஆகாது.
கையில் சொட்டுச் சொட்டாக ஏறும் சலைன்
காலையில் குழாயில் பிடித்து வைத்த தாமிரபரணி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கோடு உட்கார்ந்து
பாக்கியத்துக்குக் குரல் கொடுத்தவள்
மேலப்பாளையம் ரஹ்மத் நிஷா.
'எனக்கு நெஞ்சு வலிக்கிறது' என்று
தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
அவள் சொன்னது வேறு:

"நெஞ்சு கரிக்கி, பிள்ள.
வலின்னு சொல்ல முடியாது.
தோள்பட்ட வரைக்கும் ஏறி உளையுது.
ஒரு சோடா குடிச்சா சரியாயிரும்."

திரையில் வலிக்கென்று ஒரு கட்டம்.
தொட்டால் சரசரவென்று ஆங்கிலம் இறங்குகிறது:
குத்தல், எரிச்சல், அழுத்தம், துடிப்பு, பிற.
கரிக்கிறதுக்கு அதில் இடமில்லை,
உளைகிறதுக்கும் இல்லை.
எரிச்சலை அமுக்கினேன்.
உடனே அது வயிற்றுக் கோளாறாகிவிட்டது.
கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று
அடுத்த கட்டம் கேட்டது.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்றேன்.
"ஆயிரம் பீடிய எண்ணிருவேன்,
இத எப்பிடிட்டி எண்ண?"
முப்பிடாதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சிரித்துக்கொண்டே மானிட்டரின் அலாரத்தை அணைத்தாள்,
சும்மா சும்மா கத்துது என்று.
நான் ஏழு என்று போட்டேன். ஏழு யாருடையது, தெரியாது.

பிறகு பேச்சு இல்லை.
எனக்கோ பதினாறு கட்டங்கள் பாக்கி,
சிவப்பு நட்சத்திரம் போட்டவை, விட்டால் பக்கம் மூடாது.
இரண்டேகால் மணிக்குரிய அளவுகள் வந்தன.
மூலையில் ஒரு பொத்தான்: முந்தையதை நகலெடு.
எவ்வளவு நல்ல பொத்தான்.
நூற்று முப்பது, எண்பது. நாடி எண்பத்து நான்கு.
கீழே என் கையாலேயே,
நோயாளி அமைதியாக உறங்குகிறார்.

விளக்கைப் போட்டார்கள்.
சுவரில் இரண்டும் பக்கம் பக்கமாக வந்தன.
இடப்பக்கம் அவள் இதயக் கோடு,
இரண்டு பதினொன்றுக்குப் படுத்தது எழவில்லை.
வலப்பக்கம் என் எழுத்து.
நான்கு நிமிடம் செத்துக் கிடந்தவளை
நான் தூங்கவைத்திருக்கிறேன்,
எழுத்துப்பிழை இல்லாமல்.

யாரும் திட்டவில்லை.
"திருத்து" என்றார் ஷண்முகவடிவு மேடம்.
அழிக்கப் பார்த்தேன், அழியவில்லை.
வரியின் மேல் ஒரு கோடு மட்டும் விழுந்தது.
கோட்டின் பக்கத்தில் என் பெயர், என் எண், மணி, நொடி.
காரணம் கேட்டு ஒரு பட்டியல் திறந்தது:
வேறு நோயாளி, தட்டச்சுப் பிழை, தாமதப் பதிவு, பிற.

ரஹ்மத் நிஷா மைக்கை வைத்துவிட்டு வந்து
என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.
"எங்க உம்மா அப்பிடித்தான் சொன்னா,
கரிக்கின்னு."
கொஞ்சம் கழித்து,
"நாங்க சோடாதான் வாங்கிக் குடுத்தோம்."

கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
பிற என்பதைத் தொட்டு எழுதினேன்:
திரும்பிப் பார்க்கவில்லை.
ஏற்றுக்கொண்டது.
மேலே போய் வலிக் கட்டத்தைத் திறந்து
அங்கேயும் பிற,
இங்கிலீஷ் எழுத்தில் கரிக்கி என்று தட்டினேன்.
சிவப்பாக அடிக்கோடு விழுந்தது.
கிடக்கட்டும்.

அடுத்த குழு வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.
ரீசெட் கொடுத்தார்கள்.
பாக்கியத்தின் நெஞ்சு ஏறி இறங்கியது.
போகிற போக்கில் மணிக்கட்டைப் பிடித்தேன்,
திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
ரப்பருக்கு அடியில் சின்ன மோட்டார்.
முழு நிமிடமும் எண்ணினேன்.
எழுபத்திரண்டு.
திரையிலும் அதேதான் இருந்தது.
அதை நான் பிறகுதான் பார்த்தேன்.