இடது பின் சக்கரம்

ஆண்டாள்புரம் பாலத்து இறக்கத்தில்
மிதித்த கால் மிதியோடு போய்த்
தரையைத் தொட்டது.
முன்னால் ஷேர் ஆட்டோ,
அதன் பின்கண்ணாடியில் அரிவாளோடு கருப்பசாமி.
செகண்டுக்கு இறக்கி
ஹேண்ட் பிரேக்கைப் பிடுங்குகிற மாதிரி இழுத்தேன்.
முப்பது தட்டு, தொள்ளாயிரம் முட்டை,
ஒன்றாய் முன்னால் சாய்ந்து
மறுபடி உட்கார்ந்தன.
உடைந்தது பதினொன்று.
கருப்பசாமிக்கும் எனக்கும் நடுவே
ஒரு முழம் மிச்சமிருந்தது.

சோலையழகுபுரம் வரை முதல் கியரிலேயே ஊர்ந்தேன்.
மெக்கானிக் செல்லப்பாண்டி
குலசாமி கும்பிட வத்திராயிருப்பு போயிருக்கிறானாம்,
திங்கள்கிழமை வருவானாம்.
மகபூப்பாளையத்துப் பரோட்டாக் கடைகளுக்குத்
திங்கள்கிழமையெல்லாம் தெரியாது.

நைட்டிக்கு மேல் துண்டை இறுக்கிக் கட்டிச்
சாக்கை விரித்து அடியில் படுத்தேன்.
ஆயில் டப்பாவில் கோட்டுக்கும் கீழே.
குறைந்தது எங்கிட்டோ போயிருக்கணும்.
முன் சக்கரம் ரெண்டும் காய்ந்த தூசி.
வலது பின்னும் தூசி.
இடது பின் சக்கரத்து உள்பக்கம் விரல் வழுக்கியது.
"நாய் மோண்டுருக்கும்க்கா" என்றான் எதிர்வீட்டுப் பையன்.
முகர்ந்தேன். நாயில்லை.

டிரம் அசையவில்லை, இருபத்தாறு வருசத் துரு.
சுத்தியலால் ஆறு அடி.
அப்புறம்தான் ஞாபகம் வந்தது,
அதன் முகத்திலேயே ரெண்டு ஓட்டை உண்டு,
போல்ட்டைப் போட்டு மாற்றி மாற்றி முறுக்கினால்
தானாக வெளியே வரும் என்பது.
வந்தது.
சிலிண்டருக்குள் ஒரு ரப்பர், சட்டைப் பொத்தான் அளவு,
ஓரம் நைந்து கிடந்தது.
தொள்ளாயிரமும் இதன் மேல்தான்
உட்கார்ந்து வந்திருக்கின்றன.

சிம்மக்கல்லில் ரப்பர் கிட், ஆயில், புது ஷூ.
ஆயில் குடித்த பழசைப் பெட்ரோலில் கழுவிப் போடலாம்
என்றார் கடைக்காரர்.
அவர் இந்த வண்டியில் ஏறப்போவதில்லை.
மருந்துக் கடையில் ஒரு சலைன் டியூப்.
"யாருக்கு முடியல?"
"வண்டிக்கு."

எல்லாம் மாட்டியாயிற்று.
இனிக் காற்றை எடுக்கணும்,
அதற்கு ரெண்டு ஆள் வேணும்,
மேலே மிதிக்க ஒருத்தி, கீழே திறக்க ஒருத்தி.

ஓரகத்தி பஞ்சவர்ணம் மாடியில் இருக்கிறாள்.
கணக்கில் நாலு தட்டு இடித்ததில்
ஒன்பது நாளாய்ப் பேச்சில்லை.
வண்டிக் கடன் மட்டும் ரெண்டு பேர் பேரிலும்.
பையனை அனுப்பினேன்.
கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல்
வந்து சீட்டில் ஏறினாள்.

அமுக்கு.
அமுக்கியாச்சு.
இன்னும் ரெண்டு தரம். பிடி.
பிடிச்சிருக்கேன்.
திறந்தேன். டியூபில் குமிழ்,
அப்புறம் கடுங்காப்பி நிறத்தில் பழைய ஆயில்,
மறுபடி குமிழ்.
மூடினேன்.
விடு.

அவள் முகம் எனக்குத் தெரியாது.
அவள் மிதி கீழே இறங்குவது மட்டும்
குழாய் வழியாக வந்து
என் விரலருகே சீறியது.

எத்தனையாவது தடவையோ,
"அந்த நாலு தட்டு கீரைத்துறைக் கடைக்குப் போனது,
நோட்டுல ஏத்தல" என்றாள்,
மிதியை அமுக்கிக்கொண்டே.
நிப்பிள் திறந்திருந்தது.
"விட்றாத" என்றேன்.
வேறெதுவும் அப்போது சொல்ல முடியாது.

டப்பாவை ரெண்டு தரம் நிரப்பினேன்.
குமிழ் நின்றது.

முட்டை ஏற்றாமல் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தோம்.
அவள் இறங்கவில்லை, நானும் சொல்லவில்லை.
தண்ணித் தொட்டி பக்கம் மிதித்தேன்.
பாதி வழியில் கெட்டியாக நின்றது கால்,
வண்டியும்.
டாஷ்போர்டு எலுமிச்சம்பழம் உருண்டு
அவள் மடியில் விழுந்தது.
எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தாள்.
"இன்னும் கொஞ்சம் காத்து இருக்கு."
"இருக்கு" என்றேன்.
நாலு மணிக்குத் தட்டு ஏற்றணும்.
அதுக்குள் இன்னொரு தரம் எடுத்துவிடலாம்.