உண்ணிச்செடி

நாற்பத்தொரு வாக்கு எனக்கு,
முப்பத்து நாலு ஜெபசிங்குக்கு.
எண்ணி முடித்ததும் பிஸ்கட் டின்னை
ஐயரம்மா திரும்ப வாங்கிக்கொண்டார்.

முதலில் ஈனோசைத்தான் கேட்டார்கள், மூன்று தரம்.
டீ ஃபேக்டரியில் ராத்திரி பாய்லர் அவனுக்கு.
"நெருப்பை விட்டுட்டு
மீட்டிங்ல உக்கார என்னால ஆகாது."
லில்லி டீச்சருக்குச் சாயங்காலங்களில்
கண் தெரியாத இரண்டு பேருக்கு
வாசித்துக் காட்டப் போக வேண்டுமாம்.
நான் மறுக்கவில்லை.
நோட்டீஸ் அடித்தேன், வேன் வைத்தேன்,
எஸ்டேட் லைனில் வீட்டுக்கொரு கம்பளி.

இன்று வேதபாடம்
மரங்கள் ராஜாவைத் தேடிப் போன கதை.
ஒலிவம் தன் எண்ணெயை விட்டு வரவில்லை,
அத்தி தன் இனிப்பை, திராட்சை தன் ரசத்தை.
கேட்டவுடன் சம்மதித்தது முட்செடி.
என் நிழலுக்கு வாருங்கள் என்றதாம்.

ஐயர் யாரையும் பார்க்காமல் வாசித்தார்.
அதுதான் உறுத்தியது.
நிழல் என்ற சொல்
என் நோட்டீஸிலும் இருந்தது, பெரிய எழுத்தில்.

கோத்தகிரிச் சரிவில் குறுக்கே இறங்கினேன்.
உறைபனியில் தேயிலை கருகிக் கிடக்க
உண்ணிச்செடி மட்டும் பூத்திருந்தது,
ஆரஞ்சும் மஞ்சளுமாய்.
அடியில் ஒரு புல் இல்லை.
சட்டைக் கை மாட்டிக்கொண்டது.
இழுக்க இழுக்க இன்னும்.

ஷிப்ட் முடிந்து ஏறி வந்த ஈனோஸ்
நின்று
ஒவ்வொரு முள்ளாய் எடுத்துவிட்டான்.
"வாழ்த்துகள் அண்ணே" என்றான்,
கேலியே இல்லாமல்.

வெள்ளைக் கையில்
அவன் விரல்கள் கரியாய் இருக்கின்றன.
இன்னும் துவைக்கப் போடவில்லை.