இடம்புரி

சாண்டா ரோசா விமான நிலையத்தில்
திங்கட்கிழமை காலை என்பது
ஞாயிற்றுக்கிழமைத் திராட்சைத் தோட்டங்களின் மிச்சம்.
பெட்டிகள் எக்ஸ்ரேக்குள் ஒவ்வொன்றாய் நுழையும்.
ஆரஞ்சு நிறத்தில் செருப்பு, சீஸ், புத்தகம்.
நடுவே நீலமாய் ஒரு சுருள்.

கத்தி இல்லாவிட்டால் போகலாம். அதுதான் சட்டம்.
இரண்டு கையையும் தூக்கிச் சரணடையும் பித்தளை மனிதன்: போ.
திருகே இல்லாமல் இரண்டு தகடு மட்டும்,
பல்லிடுக்கில் குச்சி விடுவதுபோல்
தக்கையின் ஓரமாய் நுழைவது: நீயும் போ.
கோடுபோட்ட காலுறையோடு மடங்கும்
ஒரு பெண்ணின் இரண்டு கால்கள்.
சட்டையில் சுற்றி அடியில் வைத்திருந்த பாதிரியார்
"ஏலத்தில் எடுத்தது, நூறு வருஷப் பழசு" என்றார்.
நான் கேட்கவே இல்லை.
போங்கள் ஃபாதர்.

முயல் காது வைத்தது.
மரக்கைப்பிடி முனையில், பாட்டில் தூசி தட்டக்
குட்டி பிரஷ் முளைத்தது.
ஒரு தக்கையைப் பிடுங்க
இத்தனை திருகுதாளம்.

சர்வர்கள் பையில் வைத்திருப்பது மட்டும் மாட்டிக்கொள்ளும்.
வயிற்றில் மடிந்த சின்ன பிளேடு அதற்கு.

நேற்று வந்தவன் எமிலியோ. சியாட்டிலில் புது வேலையாம்.
"இது வேற மாதிரி, பாருங்க."
பார்த்தேன். காற்றில்தான் திருகினேன்.
என் மணிக்கட்டு போன திசைக்கே அதுவும் வந்தது.
திரையில் வலமும் இடமும் ஒன்றுபோல் தெரியும்,
கையில் எடுத்தால்தான் உண்டு.

வலம்புரிச் சங்குக்குப் பட்டு, பெட்டி, பூஜை.
இதற்கு என்ன?

எனக்குப் பீச்சாங்கை.
கல்யாணப் பந்தியில் அத்தை என் இடக்கையைத்
தன் மடியில் அமுக்கி வைத்துக்கொள்வாள்,
கடிக்கிற நாயைப்போல.

"வெளியே போய்த் தபாலில் அனுப்பலாம்" என்றேன்.
விமானத்துக்குப் பதினெட்டு நிமிஷம்.
என் பெயர்ப்பட்டையைப் படிக்கப் பார்த்து
'நாச்சி' வரை வந்து நின்றுவிட்டான்.
"நீங்களும் இடதா? நீங்களே வைத்துக்கொள்ளுங்களேன்."
கூடாது.
எறியவில்லை, டப்பாவில் வைத்தேன்,
சத்தம் வராமல்.

டொலோரஸ் ஓய்வுபெற்ற அன்று தந்த பாட்டில்
ஏழு மாதமாய் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில்.
இந்த வாரம் முப்பத்தொன்று பிடுங்கி வைத்தவள் வீட்டில்
ஒரு திருகி இல்லை.
மரக்கரண்டிக் காம்பை ஊன்றி
இடக்கையால் அழுத்தினேன்.
தக்கை உள்ளே விழுந்தது. சுவரெல்லாம் சிவப்பு.

எமிலியோ இந்நேரம்
யாருடையதையோ கடன் வாங்கி
தலைகீழாய்த் திருகிக்கொண்டிருப்பான்.

சாய்க்கும்போதெல்லாம் தக்கை மிதந்து வந்து
வாயை அடைத்தது.
தள்ளித் தள்ளி
அரை டம்ளர் சேர்ந்தது.
புளிப்புதான்.