நாலு விரல்

முப்பத்திரண்டு வருடம் கச்சேரியில் இருந்தேன்.
பாட்டுக் கச்சேரியில்லை,
காணிப் பிரிவு, மூன்றாம் மேசை.
பென்ஷன் வந்த மாதம் வயலின் வாங்கினேன்.
அடுத்த வருடம் பற்றாசுக்கோல்.

உரும்பிராயில், எங்கள் கிணற்றுக் கப்பியடியில்
நான் கட்டிவிட்ட சின்னக் கருவி
கீழே ஓர் ஓசை அனுப்பும்,
திரும்பி வரும்வரை எண்ணும்,
எண்ணியதை ஆழமாக்கிச் சொல்லும்.

காலையில் சரி.
மத்தியானம் மட்டும்
தண்ணீர் நாலு விரல் ஏறிவிட்டதாகப் பொய்.
நிரலை மூன்று தரம் பிரித்துப் பார்த்தேன்.
"கிணத்தடியிலேயே படுக்கப் போறீரோ?"
என்றார் இவர்.

பின்னேரம் வயலின் பெட்டியைத் திறந்தால்
பஞ்சமத் தந்தி வெக்கையில் இளகிச்
சுருதி இறங்கிக் கிடந்தது.
முறுக்கப் போன விரல்
பாதியில் நின்றது.

வெக்கை தந்திக்கு மட்டுமா?
சூடான காற்றில் ஓசை விரைந்தோடும்,
வேளைக்கே திரும்பும்.
நான்தான்
விடியற்காலை வேகத்தையே
நாள் முழுக்க அதற்கு எழுதி வைத்திருந்தேன்.

ஒரு வெப்பமானி சேர்த்தேன்.
ஒரு வரி திருத்தினேன்.
தண்ணீர் தன் மட்டத்துக்கு வந்தது.

பஞ்சமம் இன்னும் வரவில்லை.
திருத்துவதற்கு அதில் வரியில்லை,
என் காதுதான்.
நாளைக்கு வராவிட்டால்
நாளையிண்டைக்கு.