பன்னி ஓட்டிய வண்டி

பன்னி என்றால் எங்கள் ஊரில்
குடைந்த ரொட்டிக்குள் கறி ஊற்றித் தருவது.
எட்டு வாரக் குட்டியாய் வந்த அன்றே
ஒன்றைக் காகிதத்தோடு விழுங்கியதால் அந்தப் பெயர்.
திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த கோயில் குருக்கள்
"பன்னி, உட்கார்" என்று நான் அதட்டியதைக் கேட்டுச்
சுற்றுமுற்றும் பார்த்தார்.
அருகில் நின்றது அவர் மட்டும்தான்.

பெல்ஜியத்து வேலைநாய்.
இருபத்தாறு கிலோ. அதில் பாதி பல்,
மீதி அவசரம்.
நாம் வேலை கொடுக்காவிட்டால்
தானே ஒரு வேலை தேடிக்கொள்ளும் சாதி.
சோபாவுக்குள் என்ன இருக்கிறது என்று
ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்க ஆராய்ந்தாள்.
பஞ்சு.

அதனால்தான் ஞாயிறுதோறும் டோங்காட் மேடு.
வெட்டி எரித்த கரும்புக் கட்டைகள், கரி அப்பிய கால்கள்,
யார் கழுத்தையோ நெரிப்பதுபோல் கத்தும் ஹடீடாப் பறவைகள்.
பயிற்சியாளர் ஹெஸ்டர் முன்னாள் போலீஸ்,
குரல் இன்னும் சீருடையைக் கழற்றவில்லை.
கட்டளையெல்லாம் ஆஃப்ரிகான்ஸில். லொஸ் என்றால் விடு.
திருடன் வேடம் தீனா ரெட்டிக்கு.
வாரநாட்களில் பல் வைத்தியர்.
கடி உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தால்
மெத்தைக் கடையே நடந்து வருவதுபோல் இருக்கும்.

முதல் மாதம், கரும்புக்குள் ஒளிந்த தீனாவைத்
தேடப் போனவள்
கறுப்பாய், நீளமாய், நெளியும் ஒன்றைக்
கவ்விக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.
"மாம்பா!" என்றது யாரோ.
நான் ஓடினேன். விளையாட்டு என்று அவள் துரத்தினாள்.
ஹெஸ்டர் உட்பட ஏழு பேர் ஒரு கார் கூரைமேல்.
வால் நுனியில் பித்தளைத் திருகு மின்னிய பிறகுதான்
தண்ணீர்க் குழாய் என்று தெரிந்தது.
நசுங்கிய கூரை நசுங்கியதுதான்.
கரும்புக்குள்ளிருந்து தீனாவின் குரல்:
"நான் இன்னும் ஒளிஞ்சிருக்கணுமா?"

பக்கி வண்டி விஷயத்தில் தவறு என்னுடையது.
ஹேண்ட்பிரேக் போடவில்லை, கியர் போதும் என்று விட்டேன்.
அவளை உள்ளே ஏற்றிவிட்டுத்
தீனாவின் சிக்கிய ஜிப்பை இழுக்கப் போனேன்.
பின்னாலிருந்து தாவியவள்
இடுப்பால் கியரைத் தட்டியிருக்க வேண்டும்.
திரும்பினால் வண்டி போய்க்கொண்டிருக்கிறது,
சரிவில், கீழே இருந்த நீர்த்தேக்கத்தைப் பார்த்து.

நான் ஓடினேன். எனக்குப் பின்னால் தீனா
முழு உடுப்பில், இரு கையும் மடங்காமல்,
நிலவில் இறங்கியவன்
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டதுபோல்.
(பிறகு சிரித்தோம். அந்த நேரத்தில்
என் வயிற்றுக்குள் இருந்தது கல்.)

எதிரே வந்த கரும்பு டிராக்டர்
ஓரம் ஒதுங்கி வழிவிட்டது.
ஓட்டிய ஸிபோனெலோ மரியாதையாய்க் கை தூக்கினான்.
அப்புறம்தான் ஓட்டுநரின் காதுகளைப் பார்த்தான்.

தண்ணீருக்கு எட்டடி முன்னால்
கரையான் புற்றில் முட்டி நின்றது.
ஹாரன்மேல் முன்னங்கால் ஊன்றி
எங்களைச் சீக்கிரம் வரச் சொன்னாள் பன்னி.

தேர்வு நாளில் மழை.
நனைந்தால் கனக்கும் என்று தீனா
கை உறை மட்டும் மாட்டியிருந்தார்.
பாய்ந்தாள். கவ்வினாள். எல்லாம் சரி.
வார் மட்டும் என் மணிக்கட்டில் சுற்றியிருந்தது.
குப்புற விழுந்து, சேற்றில் வழுக்கி,
நடுவர்களின் மேசைக்கு அடியில் புகுந்து
மறுபக்கம் வந்தேன்.

"லொஸ்!" என்றாள் ஹெஸ்டர்.
பன்னி விட்டாள். சொன்ன உடனே, வாழ்க்கையில் முதல்முறை.
உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.
"லொஸ்! லொஸ்!"
விட்டாளே, இன்னும் ஏன் கத்துகிறாள்?
மூன்றாவது தடவைதான் உறைத்தது.
தீனாவின் கெண்டைக்கால் என் இரு கையிலும் இருந்தது.

தாளில் எழுதித் தந்தார்கள்:
நாய் தேர்ச்சி. திருமதி படையாச்சி
அடுத்த மாதம் மறுபடி வரவும்.

திங்களன்று தீனா ஒரு படம் அனுப்பினார்.
கையில் ஒரு கீறல்கூட இல்லை.
காலில் பத்து விரல்.