உரிமையாளர்: 1031

ஓலொமோட்ஸ் நகரில், டிராம் திரும்பும் முனையில்
பல் கட்டித்தரும் பட்டறை எங்களுடையது.
ஒன்பது பேர், ஒரு பீங்கான் சூளை.
துடைப்பமும் வாளியும் இருக்கும் அலமாரிக்குள்
நான்கு வட்டுகளோடு ஒரு சேமிப்புப் பெட்டி
இரவும் பகலும் முனகிக்கொண்டிருக்கும்.
கணக்கெழுத வந்த நான் அட்மின் ஆனதற்கு
ஒரே தகுதி:
என் மேசைதான் அலமாரிக்குப் பக்கம்.

சாவி என்றால் இடுப்பில் கனக்க வேண்டும்.
இங்கே வெறும் கட்டங்கள்.
வாசிக்கலாம். எழுதலாம். அனுமதி இல்லை.
சம்பளப் பட்டியலை மற்றவர்களிடமிருந்து மறைக்க
ஒரு டிக் போட்டேன்;
முதலாளிக்கே மறைந்துபோனது.
இரண்டு குழுக்களில் இருந்தார் பாவம்,
மறுப்புதான் அனுமதியை ஜெயிக்கும் என்பது
அந்தப் பெட்டியின் சட்டம்.
அவர் கத்தியது சூளை அறைவரை கேட்டது.

ஓல்ட்ரிஹ் ஜனவரியில் போய்விட்டார்.
சாவு இல்லை, லின்ஸில் கூடுதல் சம்பளம்.
கேக் வெட்டினோம்.
வெள்ளைக் கோட்டைக் கொடுத்தார்,
வாசல் சாவியைக் கொடுத்தார்.
பெட்டியில் அவர் கணக்கை மூட
எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரலில் காப்பீட்டுக்காரர்கள் கேட்டார்கள் என்று
உள்நுழைவுப் பதிவேட்டை முதல்முறையாகத் திறந்தேன்.
ஓல்ட்ரிஹ், காலை 6:52.
ஓல்ட்ரிஹ், மாலை 7:40.
ஓல்ட்ரிஹ், ஞாயிற்றுக்கிழமையும்.
போன மனிதர் தினமும் வந்துகொண்டிருந்தார்.
எங்கள் டாக்டர்களின் பட்டியல் மொத்தமும்
லின்ஸுக்குப் போவதாக நினைத்து
உள்ளங்கை வேர்த்தது.
யாரிடமும் சொல்லாமல்
மறுநாள் ஆறரைக்கே வந்து
விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

6:50. கதவு.
லெஸ்யா.
ஈரக் குடையை வாளியில் நட்டுவைத்துவிட்டு
சன்னலோரக் கணினியில் அமர்ந்து
அவர் பெயரைத் தட்டினாள்.

என்னைப் பார்த்தும் திடுக்கிடவில்லை.
"கணக்கு உருவாக்கித் தருவதாகச் சொன்னீர்கள்,
பிப்ரவரி நான்காம் தேதி.
அதுவரை இதை வைத்துக்கொள் என்று
மானிட்டர் அடியில் ஒட்டியிருந்த
பாஸ்வேர்டைக் காட்டியதும் நீங்கள்தான்."
குரலில் குறை இல்லை.
தேதி மட்டும் இருந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டு பற்கள்.
எல்லாவற்றிலும்
உருவாக்கியவர்: ஓல்ட்ரிஹ்.
மார்ச்சில் ஒரு டாக்டர் போனில்,
"அவர் கை இப்போதெல்லாம் மெருகேறிவிட்டது,
கடிமானம் அச்சாகப் பொருந்துகிறது" என்றார்.
அந்தப் பாராட்டை நான் லின்ஸுக்கு அனுப்பிவைத்தேன்.
நன்றி என்று பதிலும் வந்தது.

புதுக் கணக்குக்கு நான்கு நிமிடம் ஆனது.
அவள் குடும்பப் பெயரின் நடுவே
ஒற்றை மேற்கோள்போல் ஒரு குறி உண்டு;
பெட்டி ஏற்கவில்லை, சிவப்பில் மறுத்தது.
"எடுத்துவிடுங்கள்,
எல்லையிலும் எடுத்துவிட்டார்கள்" என்றாள்.

பிறகு அவரை நீக்கினேன்.
நிச்சயமா என்று இருமுறை கேட்டது.
பெயர் போனது. ஃபைல்கள் போகவில்லை.
உரிமையாளர் என்ற இடத்தில் எல்லாம்
1031, 1031, 1031.
அவருடைய எட்டு வருடமும்
இவளுடைய பத்து வாரமும்
ஒரே எண்ணில் கிடந்தன.

பிப்ரவரி நான்கில் கோடு கிழித்தால் போதும் என்றேன்.
போதாது என்றாள்.
அவர் விட்டுப்போன அரைகுறைகளை முடித்திருக்கிறாள்,
அவர் முடித்ததை இரண்டாம் முறை திறந்திருக்கிறாள்.
திரையில் ஒவ்வொரு கடைவாய்ப் பல்லையும் சுழற்றி,
"இது அவர், பள்ளம் மேலோட்டமாக இருக்கும்,
இது நான்" என்று சொல்லச் சொல்ல
நான் பெயர் மாற்றினேன்.
கடைசி டிராமுக்கு முந்தைய டிராமும் போய்விட்டது.

மூன்று பற்கள் மிஞ்சின.
நெடுநேரம் பார்த்தாள்.
"என்னுடையது என்று சொல்லமாட்டேன்."
சரி என்று
அவற்றை 1031இன் பெயரிலேயே விட்டுவிட்டு
அலமாரிக் கதவைச் சாத்தினேன்.
இந்நேரம் அவை
யாரோ மூன்று பேர் வாயில்
கம்பு ரொட்டி மென்றுகொண்டிருக்கும்.